முதலில் பதில் சொல்பவர்

அந்தக் கட்டிடத்தில் முந்நூற்றுப் பன்னிரண்டு கணினிகள் இருந்தன. தினமும் காலை ஒன்பது மணி ஐந்து நிமிடத்துக்கு அவை அனைத்தும் ஒன்றாக எழுப்பப்படும். எழுப்பப்படும் என்றுதான் சொல்ல வேண்டும். 'ஆன் பண்ணினேன்' என்று குறிப்பு எழுதிய ஒரு தட்டச்சரிடம் விளக்கம் கேட்டுக் கடிதம் போயிருக்கிறது.

எழுப்பும்போது ஊழியர்கள் எழுந்து நிற்க வேண்டும். திரையில் எழுப்பு ஒழுங்குப் பிரிவின் இயக்குநரின் முகம் வரும். முந்நூற்றுப் பன்னிரண்டு ஒலிபெருக்கிகளில் அவர் குரல் வரும்: "வணக்கம். நான் உங்கள் இயக்குநர். ஒழுங்காக எழுவோம். ஒன்றாக எழுவோம்." குரல் ஓய்ந்த பிறகு எழுப்புப் பதிவேட்டில் கையெழுத்துப் போட வேண்டும். அதில் இரண்டு கேள்விகள். குரல் தெளிவாகக் கேட்டதா? முகம் முழுமையாகத் தெரிந்ததா?

படி இறங்கிப் போனால் கட்டிடத்தின் அடித்தளத்தில் பிரெய்ல் அச்சகம். அங்கே இரண்டே பேர். ஒருத்தி இருபத்திரண்டு வருடமாக அச்சுப்பொறியை ஓட்டுகிறவள். அக்கா என்று கூப்பிட ஆரம்பித்து, அச்சும் சேர்ந்துகொண்டு, கட்டிடம் முழுக்க அவளுக்கு அச்சக்கா என்றே பெயர். இன்னொருவர் மெய்ப்பாளர். அச்சாகி வரும் தாள்களை விரலால் படித்துப் பிழை பார்ப்பது அவர் வேலை. பிறவியிலேயே பார்வை இல்லாதவர். அவரும் தினமும் எழுந்து நிற்பார்.

"முகம் முழுமையாகத் தெரிந்ததா, தம்பி?" என்று பதிவேட்டை வைத்துக்கொண்டு அச்சக்கா கேட்பாள்.

"தெரியலைன்னு போடுங்கக்கா. அரசாங்கப் புத்தகத்துல பொய் எழுதக் கூடாது."

மூன்று வருடமாக அப்படித்தான் எழுதி வந்தார்கள். நான்காவது மாடியிலிருந்த எழுப்பு ஒழுங்குப் பிரிவு அதை ஒரு தடவைகூடக் கவனிக்கவில்லை.

ஒரு திங்கட்கிழமை காலை இயங்குதளத்தின் புதிய பதிப்பு எல்லாக் கணினிகளிலும் வந்து இறங்கியது. இயக்குநரின் முகம் பெரிதாகியிருந்தது. பிரெய்ல் அச்சுப்பொறி காணாமல் போயிருந்தது.

காணாமல் போனது என்றால் யாரும் தூக்கிக்கொண்டு போகவில்லை. அது அலமாரி அளவுக்குப் பெரிய இரும்பு, அங்கேயேதான் நின்றது. கணினியின் கண்ணில்தான் படவில்லை. அச்சுப்பொறி பேசும் மொழி வேறு, கணினி பேசும் மொழி வேறு. இரண்டுக்கும் நடுவில் ஒரு சின்ன மென்பொருள் மொழிபெயர்ப்பாளராக உட்கார்ந்திருக்கும். புதிய பதிப்பில் இயக்குநரின் முகத்துக்கு இடம் போதவில்லை என்று, 'அதிகம் பயன்படாதவை' என்ற தலைப்பில் சிலவற்றைக் கழித்திருந்தார்கள். மொழிபெயர்ப்பாளரின் வேலை அதில் போயிற்று.

தேர்வுக்கு இருபத்தொரு நாள் இருந்தது. பார்வையற்றோர் பள்ளியில் நாற்பத்தொரு பேர் இறுதித் தேர்வு எழுதுகிறார்கள். ஆறு பாடம். இருநூற்று நாற்பத்தாறு வினாப் புத்தகங்கள். இரவு வேலை பார்க்காமல், பகல் முழுக்க அந்தப் பொறி ஆணி அடிக்கிற சத்தத்தோடு ஓடினால் ஆறு நாளில் முடியும். ஓடாவிட்டால்?

"ஓடாட்டி என்ன ஆகும்னு எனக்குத் தெரியும்கா" என்றார் மெய்ப்பாளர். "நான் எழுதின வருஷம் கணக்குப் புத்தகம் வந்து சேரலை. ஹால்ல உக்கார வெச்சுட்டாங்க, ரூல்ஸ்படி. எல்லாரும் எழுதற சத்தம் கேக்குது. நான் மேஜையைத் தடவிட்டு இருந்தேன். அந்த மேஜைல யாரோ ஒருத்தன் காம்பஸால பேர் செதுக்கியிருந்தான். அதை மூணு மணி நேரம் படிச்சேன்."

"பேர் என்ன?"

"சொல்ல மாட்டேன். அவன் பாஸாயிருப்பான்."

அச்சக்காவுக்கு வழி தெரிந்திருந்தது. வேறொரு இயங்குதளம் இருக்கிறது. யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், பூட்டு இல்லை, சாவி இல்லை. இந்த அச்சுப்பொறியின் மொழி அதற்குத் தெரியும். அவள் வீட்டு மடிக்கணினியில் அதுதான் ஓடுகிறது. வீட்டுக் கணினியையே கொண்டுவந்து மாட்டிவிடலாம் என்றால், அச்சுப்பொறியின் வாய் பழைய காலத்து அகலச் செருகி. அது நுழைகிற துளை அலுவலகத்தின் தடித்த மடிக்கணினியில் மட்டும்தான் உண்டு. மாற்றுச் செருகி ஒன்று தேடிப் பிடித்து மாட்டியும் பார்த்தாள். புள்ளிகள் குழறின. மெய்ப்பாளர் தடவிப் பார்த்துவிட்டு, "குடிச்சுட்டு எழுதின மாதிரி இருக்குக்கா" என்றார்.

ஆக, அலுவலகக் கணினியில் அந்த இயங்குதளத்தை ஏற்ற வேண்டும். அன்றைக்கே நான்காவது மாடிக்கு விண்ணப்பம் போனது.

ஐந்தாம் நாள் உதவி எழுப்பாளர் ஒருவர் இறங்கி வந்தார். கையில் ஒரு பென் டிரைவ், சட்டைப் பையில் மூடி முத்திரையிட்ட உறை, உறைக்குள் பாஸ்வேர்ட்.

அந்த பாஸ்வேர்ட் எதற்கு என்பதைக் கொஞ்சம் நின்று பார்த்துவிட வேண்டும். பட்டனை அழுத்தியதும் கணினிக்கு ஒன்றுமே தெரியாது. தன் பெயர் தெரியாது, தனக்குள் நினைவு வட்டு இருப்பதுகூடத் தெரியாது. பலகையில் பற்றவைத்த ஒரு சின்னச் சில்லுதான் முதலில் விழிக்கும். அதனிடம் ஒரு பட்டியல் இருக்கும்: முதலில் இவரைக் கேள், இல்லையென்றால் அவரைக் கேள். பென் டிரைவைக் கேட்கும், வட்டைக் கேட்கும், கேபிள் வழியாக நெட்வொர்க்கைக் கேட்கும். யார் 'இந்தா இயங்குதளம்' என்கிறார்களோ அவரிடம் சாவிக்கொத்தைக் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். அவ்வளவுதான் எழுவது என்பது. அந்தக் கட்டிடத்தில் இந்தப் பட்டியலில் ஒரே ஒரு பெயரை விட்டுவிட்டு மீதியை அடித்துப் பூட்டியிருந்தார்கள். மிஞ்சிய பெயர் நெட்வொர்க். அதன் மறுமுனையில் நான்காவது மாடி சர்வர்.

உதவி எழுப்பாளர் உறையைக் கிழித்தார். பட்டியலை ஒரு மணி நேரத்துக்குத் திறந்தார். பென் டிரைவைச் செருகி எழுப்பினார். கருந்திரையில் ஒரு வரி வந்தது: எழுப்புவதற்கு எதுவும் இல்லை.

"பாத்தீங்களா?" என்றார்.

அச்சக்கா பென் டிரைவைத் தன் பக்கம் வாங்கிப் பார்த்தாள். பிரச்சினை உடனே புரிந்தது. பெயர்ப்பலகை, கதவு, படி எல்லாம் வைத்துத்தான் இயங்குதளத்தைப் பென் டிரைவில் எழுத வேண்டும். அதற்கென்றே ஒரு சிறு நிரல் உண்டு. இவர் மொத்தத்தையும் ஒரே கோப்பாக அப்படியே நகலெடுத்துப் போட்டிருந்தார். கட்டில் வந்த அட்டைப்பெட்டியைப் பிரிக்காமல் அதன் மேலேயே படுத்துக்கொண்ட கதை.

"சார், இதைப் பிரிச்சு எழுதணும். காப்பி பண்ணினா எழாது."

"அம்மா, நான் பதினாறு வருஷமா எழுப்பிட்டிருக்கேன்."

"ஒரு தடவை நான்..."

"அறிக்கை எழுதணும். ஒரு மணி நேரத்துக்குள்ள முடிக்கணும். தொந்தரவு பண்ணாதீங்க."

அவர் மெய்ப்பாளரின் மேஜையில் முதுகு காட்டி உட்கார்ந்து அறிக்கை எழுதத் தொடங்கினார். முதல் வாக்கியத்தைச் சத்தம் போட்டுச் சொல்லிப் பார்த்துக்கொண்டார்: "மேற்படி விண்ணப்பதாரர் குறிப்பிடும் இயங்குதளம் எனப்படுவது, நேரடி ஆய்வின்படி, இல்லாத ஒன்று."

பட்டியல் இன்னும் ஐம்பது நிமிடத்துக்குத் திறந்தே இருந்தது. அச்சக்கா தன் கைப்பையிலிருந்து சொந்தப் பென் டிரைவை எடுத்தாள், முறையாக எழுதியது. செருகினாள். எழுப்பினாள். எழுந்தது. வட்டில் ஏற்று என்றாள். ஏறியது. இருபத்தாறு நிமிடம். பிறகு அகலச் செருகியை மாட்டினாள். இல்லாத இயங்குதளம், காணாமல் போன அச்சுப்பொறியை வணங்கி வரவேற்றது. அறை அதிர அது தாளைக் குத்தத் தொடங்கியது.

"சத்தத்தைக் குறைங்கம்மா!" என்றார் உதவி எழுப்பாளர் திரும்பாமல். "இல்லைங்கிறதை விளக்கமா எழுதிட்டிருக்கேன்."

பன்னிரண்டு தாள் வந்தது. மெய்ப்பாளர் விரல் வைத்தார். ஒரு பிழை இல்லை. "அக்கா..." என்று மட்டும் சொன்னார்.

அச்சக்கா உதவி எழுப்பாளரிடம் ஒரு தாளைக் காட்டினாள். அவர் அதைப் பார்த்தார், ஓடும் பொறியைப் பார்த்தார், தன் கையிலிருந்த நாலு பக்கத்தைப் பார்த்தார்.

"அறிக்கை முடிச்சாச்சும்மா" என்றார் வருத்தத்தோடு. பட்டியலைப் பூட்டிவிட்டு மேலே போனார்.

மறுநாள் காலை ஒன்பது ஐந்து. அச்சகத்தில் இருவரும் நின்றார்கள். "வணக்கம். நான் உங்கள் இயக்குநர்" என்றது கணினி. அச்சக்கா அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். முந்தைய நாள் ஏற்றியதில் ஒரு துளிகூட வட்டில் இல்லை. பட்டியலில் இருப்பது நெட்வொர்க் ஒன்றுதானே? கணினி கேபிளில் கூவியது, சர்வர் பதில் சொன்னது, வட்டைச் சுத்தமாகத் துடைத்துத் தன்னுடையதை ஏற்றிவிட்டது. தினமும் எல்லாக் கணினியிலும் அதுதான் நடக்கிறது. அதற்கு 'அன்றாடத் தூய்மை' என்று பெயர் வைத்திருந்தார்கள்.

"கேபிளைப் பிடுங்கிட்டா?" என்றார் மெய்ப்பாளர்.

பிடுங்கிப் பார்த்தாள். கணினி கூவியது. பதில் இல்லை. மறுபடி கூவியது. பட்டியலில் அடுத்த பெயர் இல்லாததால் கறுத்துப் போய் நின்றது. கேபிளைத் திரும்பச் செருகுவதற்குள் மேலிருந்து ஆள் வந்துவிட்டான். கையில் கடிதம்: 'இன்று ஒன்பது பதினேழுக்குத் தங்கள் கணினி எழ மறுத்தது ஏன் என்பதற்கு எழுப்பு ஒழுங்குக் குழுவின் முன் நேரில் விளக்கம் அளிக்கவும்.'

அந்தக் குழு அனுமதி கொடுப்பதற்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கூடும். விசாரிப்பதற்கு ஐந்தே நாளில் கூடியது.

நீள மேஜை. நடுவில் இயக்குநர், அவருக்குப் பின்னால் சுவரில் அவரே. பக்கத்துக்கு இரண்டு பேராக நால்வர். அச்சக்காவும் சாட்சியாக மெய்ப்பாளரும் எதிரே உட்கார்ந்தார்கள். தேர்வுக்குப் பதினொரு நாள் இருந்தது.

இயக்குநர் கோபப்படவில்லை. அவர் பேச்சைக் கேட்க ஆள் கிடைத்தால் அவருக்குக் கோபமே வராது.

"பாருங்கம்மா. ஒரு கணினி காலைல கண்ணு முழிச்சதும் யாரைத் தேடுது? அதுலதான் அதோட குணம் இருக்கு. நான் வர்றதுக்கு முன்னாடி இந்தக் கட்டிடத்துல ஒவ்வொண்ணும் தன் இஷ்டத்துக்கு எழும். ஒண்ணு எட்டு அம்பதுக்கு, ஒண்ணு ஒன்பது பத்துக்கு. வேலை நடந்துச்சு, இல்லேங்கலை. ஆனா ஒழுங்கு இருந்துச்சா?"

நால்வரும் இல்லை என்று தலையசைத்தார்கள்.

"வேற இயங்குதளம்னா அதுல முத்திரை, யாரும் உள்ள கை வைக்கலைங்கிற அடையாளம், சரியா இருக்கான்னு பாக்கணும் சார், அதுக்குத்தான் தடைன்னா புரியும்" என்றாள் அச்சக்கா. "இதுக்கு முறையான முத்திரை உண்டு. எழும்போது அந்தச் சில்லு சோதிச்சுப் பாத்துக்கலாம்."

"முத்திரைச் சோதனையா?" இயக்குநர் சிரித்தார். "அதை எல்லாக் கணினிலயும் நிறுத்திட்டேனே. என் படத்தை உள்ள வெச்சோம். ஒரு புள்ளி மாறினாலும் முத்திரை உடைஞ்சிடுமாம், எழ மாட்டேன்னுச்சு. ஒரு முத்திரைக்காக முகத்தை எடுக்க முடியுமா?"

நால்வரும் முடியாது என்று தலையசைத்தார்கள்.

அச்சக்கா இதை மனதில் முடிந்துகொண்டாள்.

"அப்புறம் உங்க கணினி ஒன்பது பதினேழுக்குப் பதில் வரலைன்னு கூவிச்சாம். கூவட்டும். எங்க சர்வர் யார் கேட்டாலும் பொசுக்குனு பதில் சொல்லாது. முதல்ல பதிவு பண்ணும். வரிசை எண் குடுக்கும். கேக்கறவர் எந்தப் பதவின்னு பாக்கும். அப்புறம்தான் வாயைத் திறக்கும். முப்பது விநாடி ஆகும். கேட்டவுடனே பதில் சொல்றதுக்கு நாம என்ன கடைக்காரனா? கௌரவம்னு ஒண்ணு இருக்குல்ல?"

இதையும் முடிந்துகொண்டாள்.

"சார், பிள்ளைங்க தேர்வு..."

"எத்தனை பேர்?"

"நாற்பத்தொண்ணு."

"நாற்பத்தொண்ணா! நான் நாலாயிரம்னு நெனச்சேன்." இயக்குநர் ஆசுவாசமாகச் சாய்ந்துகொண்டார். "அடுத்த வருஷம் எழுதட்டுமே. கண்ணு தெரியாத பிள்ளைங்களுக்கு என்னம்மா அவசரம்? எங்க ஓடப் போறாங்க?"

மெய்ப்பாளரின் விரல்கள் மேஜை மேல் இருந்தன. அவை ஒரு தடவை மடங்கி விரிந்தன. அச்சக்கா அதைப் பார்த்தாள். அதுவரை அவள் கேட்டு வாங்கத்தான் வந்திருந்தாள். அந்த நிமிடத்திலிருந்து வேறு ஆளாகிவிட்டாள். குரல் மட்டும் இன்னும் பணிவாயிற்று.

"சரிங்க சார். தப்பு என்னோடதுதான். எது அதிகாரபூர்வமான இயங்குதளம்னு தெளிவாத் தெரிஞ்சிருந்தா நான் கேட்டிருக்கவே மாட்டேன். அதை எழுத்துல ஒரு சுற்றறிக்கையா குடுத்துட்டீங்கன்னா, இனிமே யாருக்கும் குழப்பம் வராது."

சுற்றறிக்கை என்ற சொல்லைக் கேட்டதும் இயக்குநரின் முகம் சுவரிலிருந்த முகத்தைவிடப் பிரகாசமாயிற்று. அங்கேயே கண்ணை மூடிச் சொல்லச் சொல்ல, ஒருவர் எழுதினார்.

"ஒரு கணினி எழும்போது, நெட்வொர்க்கில் அதற்கு முதலில் பதில் சொல்வது எதுவோ, அதுவே அதிகாரபூர்வமான இயங்குதளம். அதை மாற்றவோ, நீக்கவோ, நிறுத்தவோ எவருக்கும் அதிகாரம் இல்லை." கண்ணைத் திறந்தார். "'இயக்குநர் உட்பட'ன்னு சேத்துக்க. அடக்கமா இருக்கும். மாற்றம் வேண்டுவோர் குழுவுக்கு விண்ணப்பிக்கலாம்."

"குழு அடுத்தது எப்ப சார் கூடும்?"

"ஏழு வாரம் கழிச்சு."

"நன்றிங்க சார்" என்றாள் அச்சக்கா. மனப்பூர்வமாகச் சொன்னாள்.

படியிறங்கும்போது மெய்ப்பாளர் அவள் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தார். "என்னக்கா, சந்தோஷமா நடக்கறீங்க? செருப்பு சத்தமே மாறிடுச்சு."

"தம்பி, கோழிக்குஞ்சு முட்டையை விட்டு வந்ததும் முதல்ல எதைப் பாக்குதோ அதை அம்மான்னு நம்பிடும். இந்தக் கணினிங்களும் அப்படித்தான். 'நான் முழிச்சிட்டேன், யாராவது இருக்கீங்களா'ன்னு கேபிள்ல பொதுவாக் கூவுது. நாலாவது மாடியைப் பேர் சொல்லிக் கூப்பிடலை. யார் முதல்ல பதில் சொல்றாங்களோ அவங்கதான் அம்மா."

"சரி?"

"அந்த அம்மா வாயைத் திறக்க முப்பது விநாடி ஆகும். கௌரவமாம். வேற யாராவது ஒரே விநாடியில பதில் சொன்னா?"

மெய்ப்பாளர் இரண்டு படி இறங்கினார். "முத்திரை கேக்குமே?"

"கேக்காது. முகத்துக்காக எடுத்துட்டாங்க."

அடுத்த படியில் அவர் நின்றுவிட்டார். சிரிப்பு அடங்கிய பிறகுதான் மீண்டும் இறங்க முடிந்தது.

அன்று மாலையே அச்சக்கா வீட்டில் அவளது மடிக்கணினியைத் தயார் செய்தாள். 'யாராவது இருக்கீங்களா' என்று கேட்டால் 'நான் இருக்கேன்' என்று சொல்லும் சிறு சேவகன் ஒன்று அதற்குள் உண்டு. அதை எழுப்பிவிட்டால் போதும், கேட்பவருக்குத் தன் இயங்குதளத்தையே அனுப்பி வைக்கும். அமைப்புக் கோப்பில் எழுத வேண்டியது ஏழெட்டு வரிதான். அதில் ஒரு வரி: 'அச்சகக் கணினிக்கு மட்டும் பதில் சொல்.' எழுதி முடித்துவிட்டு அந்த வரியைச் சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். எங்க ஓடப் போறாங்க என்ற குரல் காதிலேயே இருந்தது. அந்த வரியை அழித்தாள்.

ஒரு சிக்கல் மிச்சமிருந்தது. 'கட்டிடத்துக்குள் சொந்தக் கணினியை எழுப்பக் கூடாது' என்று அந்த வாரம்தான் புதிதாக ஒரு விதி வந்திருந்தது. அச்சக்கா விதியை மீறுகிற ஆள் இல்லை. மறுநாள் காலை சமையலறை மேடையில் வைத்து அதை எழுப்பினாள். மூடினால் தூங்கிவிடும் என்று மூடிக்கும் உடம்புக்கும் நடுவில் ஒரு மரக்கரண்டியை வைத்தாள். விழித்த நிலையிலேயே துணிப்பையில் போட்டு, தூங்காத குழந்தையைத் தூக்கி வருவது போல இடுப்போடு அணைத்துக்கொண்டு பேருந்தேறி வந்தாள். ஒன்பது மணிக்கு அச்சகத்துச் சுவரிலிருந்த துளையில் கேபிளைச் செருகினாள்.

ஒன்பது ஐந்து. கட்டிடம் முழுவதும் எழுந்து நின்றது.

முதலில் மெய்ப்பாளருக்குத்தான் தெரிந்தது. ஐந்து மாடியின் குரலும் வழக்கமாகப் படிக்கட்டு வழியாக இறங்கி வந்து அச்சகத்தில் மோதும். இன்று ஒன்றும் வரவில்லை. மின்விசிறிகளின் முனகல் மட்டும் கேட்டது. மேலே முந்நூறு பேர் நின்றபடியே வணக்கத்துக்குக் காத்திருந்தார்கள்.

"அக்கா, சார் வரலை" என்றார்.

"எதுவும் வராது. உக்காருங்க."

"வேணாம்கா. இன்னைக்குத்தான் நிக்கணும்போல இருக்கு."

அரை நிமிடத்தில் எல்லாத் திரைகளிலும் சாம்பல் நிறத்தில் ஒரு வெறும் பக்கம் வந்து, பெயரைக் கேட்டது. பெயரைக் கொடுத்தால் வேலைக்குத் தயார். கோப்புகள் எல்லாம் தனியாக வேறு சர்வரில் இருந்ததால் அப்படியே திறந்தன. ஆனாலும் யாரும் உட்காரவில்லை. வணக்கம் சொல்லாமல் உட்காரலாமா என்று பதிவேட்டில் இல்லை. அச்சகத்தில் மட்டும் அச்சுப்பொறி ஓடத் தொடங்கியது. அந்த நிசப்தத்தில் அதன் சத்தம் நான்காவது மாடிவரை கேட்டது. அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டே இயக்குநர் இறங்கி வந்தார்.

"யார் பண்ணினது இது? என் கணினியில நானே இல்லை!"

"உங்க சுற்றறிக்கைதான் சார்" என்று அச்சக்கா தாளை நீட்டினாள். "முதல்ல பதில் சொன்னது இது. உங்களோடது வரிசை எண் போட்டுக்கிட்டிருக்கு."

"அந்தக் கணினியை எழுப்ப உனக்கு யார் அனுமதி குடுத்தது?"

"நான் இங்க எழுப்பலை சார். வீட்டுல எழுப்பினேன். அது இன்னும் தூங்கலை."

இயக்குநர் கேபிளை நோக்கிக் கையை நீட்டினார்.

"சார்" என்றார் மெய்ப்பாளர், காலடி வந்த பக்கம் முகத்தைத் திருப்பி. "'நிறுத்தவோ எவருக்கும் அதிகாரம் இல்லை.' அதுக்கப்புறம் ரெண்டு வார்த்தை இருக்கு. எனக்கு ஞாபகம் இருக்கு. நீங்களே அடக்கமா சேத்தது."

நீட்டிய கை நீட்டியபடியே நின்றது. அதற்குள் செயலர் அம்மா படியிறங்கி வந்துவிட்டார். கட்டிடத்துக்கே தலைமை அதிகாரி, அதிகம் பேசாதவர். எல்லாரும் நிற்கிறார்களே, யார் இறந்தது என்று விசாரிக்க வந்திருந்தார். சுற்றறிக்கையை வாங்கி இரண்டு தடவை படித்தார்.

"கையெழுத்து யாரோடது?"

"என்னோடதுதான் மேடம். ஆனா அதோட நோக்கம் வந்து..."

"நோக்கம் எந்த வரியில இருக்கு?"

இயக்குநர் தாளில் தேடினார்.

"என் கணினி இன்னைக்கு அரை நிமிஷத்துல வேலைக்கு வந்துடுச்சு" என்றார் செயலர் அம்மா. "இத்தனை வருஷமா அது எழறதுக்குள்ள நான் பேப்பர் படிச்சு முடிச்சிடுவேன். மாத்தணும்னா விண்ணப்பிங்க. குழு எப்பக் கூடுது?"

"ஏழு வாரம்... மேடம், தலைவரே நான்தான், இன்னைக்கே கூட்டிடறேன்!"

"விசாரணைக்குத்தானே அவசரமாக் கூடலாம்? யாரை விசாரிக்கப் போறீங்க, உங்களையா?"

இயக்குநர் கேபிளிலிருந்து ஓர் அடி பின்வாங்கினார்.

"அதுவரைக்கும் எழுப்பறதுக்கு ஒண்ணும் இல்லை. உங்க பிரிவுல பதினாலு பேரும் என்ன வேலை பாப்பீங்க?" செயலர் அம்மா அறையைச் சுற்றிப் பார்த்தார். பொறி தாளைத் துப்பிக்கொண்டிருந்தது. "இதையெல்லாம் யாரு அடுக்கிக் கட்டறது?"

"நாங்க ரெண்டு பேர்தான் மேடம்" என்றாள் அச்சக்கா. "ஆள் பத்தாது."

"இப்பப் பத்தும்" என்று சொல்லிவிட்டு அவர் மேலே போனார்.

அடுத்த ஆறு வேலை நாளும் எழுப்பு ஒழுங்குப் பிரிவு அடித்தளத்தில் இருந்தது. பதினாலு பேரும் நீள மேஜைக்கு இரு பக்கமும் உட்கார்ந்து தாள் அடுக்கி, துளையிட்டு, நூல் கோத்தார்கள். வினாத்தாள் ரகசியம் வெளியே போகுமோ என்று பள்ளித் தலைமை ஆசிரியை போனில் கவலைப்பட்டார். "ஒரு எழுத்துகூடப் படிக்கத் தெரியாதவங்கம்மா, கவலைப்படாதீங்க" என்றாள் அச்சக்கா. இல்லாத இயங்குதளத்தைப் பற்றி அறிக்கை எழுதியவருக்குத் தாள்களை எண்ணிக் குறிக்கும் வேலை. அவர் இருப்பதை இருப்பதாக எழுதப் பழகிக்கொண்டிருந்தார்.

இயக்குநர் கட்டிய முதல் புத்தகத்தை மெய்ப்பாளர் ஒரு தடவு தடவிவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"மூணாவது தாள் தலைகீழா இருக்கு சார். பிரிங்க."

"எல்லாம் புள்ளிதானேப்பா. எப்படி வெச்சா என்ன?"

"பிரிங்க சார்."

இரண்டாவதில் ஏழாம் தாள் இல்லை. நான்காவதில் கணக்குக்குள் வரலாறு புகுந்திருந்தது. ஒவ்வொன்றையும் மெய்ப்பாளர் அதே மெல்லிய குரலில் திருப்பிக் கொடுத்தார். ஒரு தடவைகூடக் குரல் உயரவில்லை. ஒரு தடவைகூட விட்டுக்கொடுக்கவும் இல்லை. ஊசி குத்தி இயக்குநரின் விரல் நுனியெல்லாம் புள்ளி புள்ளியாகத் தடித்துப்போயிற்று. "வேற யாராவது சரிபார்க்கக் கூடாதா?" என்று அச்சக்காவிடம் வந்து கேட்டார். "கண்ணு தெரிஞ்ச ஆள் யாராவது?"

"கண்ணு தெரிஞ்சவங்களுக்கு இது தெரியாது சார்" என்றாள் அவள்.

ஆறாம் நாள் மாலை இருநூற்று நாற்பத்தாறு புத்தகங்களும் பெட்டியில் ஏறின. தேர்வுக்கு மூன்று நாள் இருந்தது. தலைமை ஆசிரியை தானே வண்டியோடு வந்து, ஒவ்வொரு பெட்டியாக எண்ணி வாங்கிக்கொண்டு, அச்சக்காவின் இரண்டு கையையும் பிடித்து அழுத்திவிட்டுப் போனார்.

வண்டி போன பிறகு இயக்குநர் தயங்கித் தயங்கி மெய்ப்பாளரின் பக்கத்தில் வந்து நின்றார்.

"இவ்வளவு உழைச்சிருக்கோம். புத்தகத்துல எங்கயாவது என் பேர்... சின்னதா?"

மெய்ப்பாளர் யோசித்தார். பொறியில் சோதனைக்காகக் குத்தி மிஞ்சிய கடைசிப் பக்கம் ஒன்று கிடந்தது. எல்லா வினாப் புத்தகத்திலும் கடைசியில் வருகிற அதே பக்கம். அதை எடுத்து அவர் கையில் கொடுத்தார்.

"எல்லாப் புத்தகத்துலயும் கடைசில இது இருக்கு சார்."

"இது... என்னைப் பத்தியா?"

"தடவிப் பாருங்க."

இயக்குநர் தடித்த விரலால் அந்த ஒற்றை வரியை இடமிருந்து வலமாக மெதுவாகத் தடவினார். முகம் மலர்ந்தது. இரண்டாம் தடவை கண்ணை மூடிக்கொண்டு தடவினார். என்ன எழுதியிருக்கிறது என்று கேட்பது கௌரவமாக இருக்காது என்பதால் கேட்கவில்லை. தாளை மடிக்காமல், நெஞ்சோடு பிடித்தபடி மாடியேறிப் போனார்.

இப்போது அது நான்காவது மாடியில், அவர் நாற்காலிக்குப் பின்னால், அவர் முகம் மாட்டியிருந்த அதே ஆணியில், கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்குகிறது. வருகிறவர்களுக்கெல்லாம் அதைக் காட்டுகிறார். ஒரு நாள் செயலர் அம்மாவே கீழே வந்து, அதில் என்னதான் இருக்கிறது என்று மெய்ப்பாளரிடம் கேட்டார்.

"கேள்விகள் முடிந்தன. இதற்கு மேல் ஒன்றும் இல்லை" என்றார் மெய்ப்பாளர்.